கும்பகோணத்தில் இரண்டு நாள் பங்கு மதிப்பீட்டு வகுப்பு: பாடத்துக்குக் கொடுத்தது தகும், ஷீட்டுக்குக் கொடுத்தது தண்டம்

போன ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சனி ஞாயிறு, மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் நடந்த பங்கு மதிப்பீட்டு வகுப்புக்குப் போனேன். கட்டணம் 3,500 ரூபாய், இரண்டு நாள் சாப்பாடு சேர்த்து. மேற்கொண்டு 2,999 கட்டினால் அவர்களுடைய எக்செல் ஷீட்டையும் ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆசை யாரை விட்டது, இரண்டையும் கட்டினேன். பாடத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஷீட்டுக்கு ஒன்று கொடுக்கவே கை வரவில்லை. நடத்தியவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. பாடம் எடுத்தவர் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது, ஷீட் விற்ற பையன்கள் வேறு கூட்டம், இரண்டையும் ஒரே பெயரில் திட்டினால் அவருக்கு அநியாயம்.

நான் பாத்திரக்கடைக்காரன். பித்தளை, எவர்சில்வர், கல்யாணச் சீர். கையில் கொஞ்சம் பங்குகள் உண்டு, எல்லாம் யாரோ சொல்லி வாங்கியவை. ஒரு பங்கு 400 ரூபாய்க்கு விற்கிறது என்றால் அது மலிவா, கொள்ளையா என்று சொல்லத் தெரியாது. பித்தளைக் குடத்தைக் கையில் தூக்கிப் பார்த்ததும் எடை சொல்லிவிடுவேன், பங்கில் எதைத் தூக்கிப் பார்ப்பது? அந்தக் கேள்வியோடுதான் போனேன்.

முதல் நாள் காலை இருபத்திரண்டு பேர் இருந்தோம். மன்னார்குடி உரக்கடைக்காரர், திருவாரூரில் இருந்து இரண்டு வாத்தியார்கள், வங்கியில் ஓய்வு பெற்ற ஒரு அம்மா, காலேஜ் பையன்கள் நாலைந்து பேர், அப்புறம் வலங்கைமான் பக்கத்து விவசாயி ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆசிரியர் திருச்சியில் இருந்து வந்திருந்தார். புரொஜெக்டரைப் போடுவதற்கு முன்னாலேயே கேட்டார்: "இங்க யாரு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கீங்க?" வலங்கைமான்காரர் கையைத் தூக்கினார். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், ரோட்டோரம். வருஷத்துக்கு இருபதாயிரம் குத்தகை வருகிறது. விற்றால்? இருபது லட்சம் என்றார்.

ஆசிரியர் போர்டில் எழுதினார். அடுத்த வருஷம் வரப்போகிற வருமானத்தை, நீங்கள் எதிர்பார்க்கிற வருவாய் விகிதத்தில் இருந்து வருமானம் வளரும் விகிதத்தைக் கழித்து வருகிற எண்ணால் வகுக்கணும். 12 சதவீதம் எதிர்பார்க்கிறீர்கள், குத்தகை வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், இருபதாயிரத்தை 6 சதவீதத்தால் வகுக்க 3 லட்சத்து 33 ஆயிரம். ஹால் முழுக்க ஒரு சலசலப்பு. இருபது லட்சம் சரி என்று வரவேண்டும் என்றால் குத்தகை வருஷா வருஷம் 11 சதவீதம் ஏறிக்கொண்டே போகணும், காலம் உள்ளவரை.

"அப்ப எங்கப்பா வாங்கிப் போட்டது தப்புங்கிறீங்களா தம்பி?" என்றார் பெரியவர்.

"தப்பில்லைங்கய்யா. மூணு லட்சம்தான் நெல்லுக்கான விலை. மிச்சம், நாளைக்கு மனை போடலாம்ங்கிற நம்பிக்கைக்கு. பங்கிலேயும் இப்படித்தான், எது கம்பெனி சம்பாதிக்கிறதுக்கான விலை, எது நம்பிக்கைக்கான விலைன்னு பிரிச்சுப் பாக்கத்தான் இந்த ரெண்டு நாளும்."

பெரியவர் அதற்கு மேல் பேசவில்லை, ஆனால் நோட்டை எடுத்து அந்தக் கணக்கை எழுதிக்கொண்டார். இந்த ஒரு மணி நேரத்துக்கே ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம்.

அப்புறம்தான் எனக்கு வந்தது வினை. மூலதனச் செலவு, அதாவது தொழிலில் போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு ஆகும் கூலி, என்றால் என்ன என்று புரிய, அவரவர் தொழிலுக்குக் கணக்குப் போடச் சொன்னார். என் கடையில் போட்டிருக்கும் பணம் சுமார் நாற்பது லட்சம். இருபது சொந்தம், பன்னிரண்டு வங்கி ஓவர்டிராஃப்ட், எட்டு வெளியில் கைமாற்று. வங்கிக்கு 10 சதவீதம். கைமாற்று ஒன்றரை வட்டி, அதாவது நூற்றுக்கு மாசம் ஒன்றரை, வருஷத்துக்கு 18. சொந்தப் பணத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். "அதுக்கு ஏது சார் வட்டி, அது என்னோடதாச்சே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு ஏன் என்று உடனே விளங்கவில்லை.

"அந்த இருபது லட்சத்தைக் கடையில போடாம தெரிஞ்சவருக்குக் கொடுத்தா என்ன வட்டி வாங்குவீங்க?"

"ஒண்ணேகால்."

"அப்ப பதினஞ்சு பர்சென்ட். அதையும் எழுதுங்க."

சொந்தப் பணத்துக்கு மூன்று லட்சம், வங்கிக்கு ஒன்று இருபது, கைமாற்றுக்கு ஒன்று நாற்பத்து நாலு. மொத்தம் 5 லட்சத்து 64 ஆயிரம், நாற்பது லட்சத்துக்கு 14.1 சதவீதம். அதுதான் என் கடையின் மூலதனச் செலவு. வட்டி கட்டுவதற்கு முன்னால் கடை எனக்கு வருஷத்தில் கொடுப்பது ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. மிஞ்சுவது முப்பதாயிரம் கூட இல்லை, காலை ஒன்பது மணியில் இருந்து ராத்திரி ஒன்பது வரை கல்லாவில் உட்காருகிற என் சம்பளம் இன்னும் அதில் சேரவே இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்று தெரிந்தும் அண்டாவும் குத்துவிளக்குமாகச் சரக்கை வாங்கி அடுக்கி வைக்கிறேனே, அந்தச் சரக்கு ஒவ்வொன்றும் பரணில் உட்கார்ந்து மாசம் ஒண்ணேகால் வட்டி தின்றுகொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மதியச் சாப்பாட்டில் மோர்க்குழம்பு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். எனக்கு இறங்கவில்லை.

கம்பெனிக்கும் இதே கணக்குதான், இரண்டு திருத்தங்களோடு. ஒன்று, கடனுக்குக் கட்டும் வட்டியை லாபத்தில் கழித்துக்கொண்டுதான் வருமான வரி கட்டுகிறார்கள், அதனால் கடன் அந்த அளவுக்கு மலிவு. புதிய வரி முறைக்கு மாறிய கம்பெனிக்கு வரி, சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம்; 9 சதவீத வட்டிக் கடன் அவர்களுக்கு உண்மையில் ஏறக்குறைய 6.7 சதவீதம்தான். என் கைமாற்றுக்கு ரசீதும் இல்லை, சலுகையும் இல்லை. இரண்டு, எவ்வளவு கடன், எவ்வளவு சொந்தப் பணம் என்ற விகிதத்தைச் சந்தை மதிப்பில் பார்க்கணும், பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் பழைய எண்ணில் பார்க்கக் கூடாது. இந்த இரண்டாவதை நினைவில் வையுங்கள், ஷீட்டைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

பங்குதாரர் எவ்வளவு எதிர்பார்ப்பார் என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியாது. வங்கி வட்டி தாளில் எழுதியிருக்கும், இது எங்கேயும் எழுதியிருக்காது. அதற்கு ஒரு வழி வில்லியம் ஷார்ப் 1964-ல் எழுதியது, 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, கூட இரண்டு பேரோடு. அரசாங்கப் பத்திரத்தில் பத்து வருஷத்துக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அது அடித்தளம். அதற்கு மேல், பங்குச் சந்தையில் இறங்குகிற பயத்துக்குக் கூலியாகக் கொஞ்சம். அந்தக் கூலியை இந்தக் கம்பெனி எவ்வளவு ஆடும் என்பதால் பெருக்கணும், அந்த ஆட்டத்துக்குப் பெயர் பீட்டா. பத்திரம் 7, சந்தைக் கூலி 6, பீட்டா 1 என்றால் 13 சதவீதம்.

பீட்டாவை ஆசிரியர் நிஃப்டி என்கிற பங்குச் சந்தைக் குறியீட்டின் படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார், எனக்கு ஏறவில்லை. புரிந்தது டீ குடிக்கும்போது. திருவாரூர் வாத்தியார்களில் ஒருவருக்குச் சொந்த ஊர் தலைஞாயிறு, கடைமடை. அவர் சொன்னார்: "அண்ணே, மேட்டூர்ல 120 அடி நிறைஞ்சா எல்லாருக்கும் சந்தோஷம். அறுபது அடிக்கு எறங்குனா கல்லணைப் பக்கத்துல போர் போட்டவனுக்கு ஒண்ணும் ஆகாது, மோட்டாரைத் தட்டி விட்டுட்டுப் போயிருவான். எங்க ஊர்ல போர் போட்டா உப்புத் தண்ணி. மேட்டூர் ஒரு அடி எறங்குனா எங்களுக்கு ரெண்டு அடி. அதான் பீட்டா." எலி கடிப்பது, மோட்டார் எரிவது எல்லாம் பீட்டாவில் சேராது, நாலு ஊரில் நாலு வயல் வைத்திருந்தால் அந்த நஷ்டம் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். மேட்டூர் திறக்காததை மட்டும் எத்தனை வயல் வைத்திருந்தாலும் டெல்டாவுக்குள் தப்ப முடியாது. திரும்பி வந்ததும் ஆசிரியரிடம் சொன்னோம், அடுத்த ஊர் வகுப்பில் இதையே சொல்லப்போவதாகச் சொன்னார்.

இதிலே ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் மறைக்காமல் காட்டினார். சின்னக் கம்பெனிப் பங்குகள் சில நாள் கணக்கில் கைமாறவே மாறாது. சந்தை ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த விலை அசையாமல் கிடப்பதால் கணக்குப் போட்டால் பீட்டா 0.3 என்று வரும், பார்க்கிறவன் ஆகா எவ்வளவு பத்திரம் என்று நினைப்பான். வாங்க ஆள் இல்லாத பங்குக்குக் குறைந்த ரிஸ்க் என்று சான்றிதழ்! அதற்கு அவர் சொன்ன வழி: அதே தொழிலில் நன்றாகக் கைமாறும் ஏழெட்டுக் கம்பெனிகளின் பீட்டாவை எடுத்து, கடன் கூடினால் ஆட்டமும் கூடும் என்பதால் அவர்கள் கடனின் பாதிப்பை நீக்கி, சராசரி பார்த்து, நம் கம்பெனியின் கடனை அதில் ஏற்றணும். கடன் இல்லாத நிலையில் 0.8, சொந்தப் பணத்தில் பாதியளவு கடன், வரி 25 சதவீதம் என்றால் 1.1 வரும். மன்னார்குடிக்காரர் நடுவில் எழுந்து, பீட்டா விலையின் ஆட்டத்தை மட்டும்தானே பார்க்கிறது, முதலே போய்விட்டால் என்றார். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தபோது பங்கு மூலதனம் முழுவதையும் கழித்தே விட்டார்கள், பங்குதாரருக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஆசிரியரிடம் நல்ல பதில் இல்லை. இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார், அது எனக்குப் பிடித்தது.

முதல் நாள் கடைசி மணி நேரம் ஒரு கற்பனைக் கம்பெனி. அடுத்த வருஷம் பங்குக்குப் பத்து ரூபாய் கையில் மிஞ்சும், ஐந்து வருஷம் வரை 10 சதவீத வளர்ச்சி, அதற்குப் பிறகு என்றென்றைக்கும் 5 சதவீதம். பின்னால் வரப்போகிற பணத்தை வருஷத்துக்கு 12 சதவீத வீதத்தில் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், இதைத்தான் கழிப்பது என்கிறார்கள், பங்கின் மதிப்பு 168 ரூபாய். 11 வைத்தால் 196. 13 வைத்தால் 146. ஒரே கம்பெனி, ஒரே வியாபாரம், ஒரு சதவீதம் இங்கே அங்கே. அந்த 168 ரூபாயில் கிட்டத்தட்ட 125 ரூபாய் ஐந்து வருஷத்துக்கு அப்பால், யாரும் பார்க்காத காலத்தில் இருந்து வருவது. "யாராவது இந்தப் பங்கு 196 ரூபாய்க்குத் தகும்னு அறிக்கை கொடுத்தா, லாபக் கணக்கை அப்புறம் பாருங்க, முதல்ல எத்தனை பர்சென்ட்ல கழிச்சிருக்கான்னு பாருங்க" என்றார். கடைசியில் போடும் அந்த நிரந்தர வளர்ச்சி அரசாங்கப் பத்திர வட்டியைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார், தாண்டினால் ஒரு நாள் அந்தக் கம்பெனி நாட்டையே விழுங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குக் கடப்பா போட்டார்கள், வெளியூர்க்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அன்றைக்கு நல்லது என்று சொல்ல அதுதான்.

இரண்டாம் நாள் ஷீட் நாள். ஆசிரியர் பதினொரு மணிக்கெல்லாம் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார், ஷீட் தயாரித்த இரண்டு பையன்கள் வந்தார்கள். கம்பெனி பெயரைத் தட்டினால் பச்சைக் கட்டத்தில் மதிப்பு வந்து நிற்கிறது. பார்க்க அழகுதான். மூலதனச் செலவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "அது பேக்எண்ட்ல ஆட்டோமேட்டிக்கா எடுத்துக்கும் சார், நீங்க கவலைப்பட வேண்டாம்." நேற்று முழுக்க ஒரு மனிதர் தொண்டை வரள இதைப் பற்றித்தான் கவலைப்படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, பிளஸ் டூ படிக்கும் என் மகளை உட்கார வைத்து, மறைத்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்தோம். கீழே உள்ள பட்டையில் வலது பக்கம் கிளிக் செய்தால் திறந்துகொள்கிறது, பூட்டு கூட இல்லை. உள்ளே பார்த்தால், கடன் எவ்வளவு சொந்தம் எவ்வளவு என்பதைப் பேலன்ஸ் ஷீட் எண்ணை வைத்துப் போட்டிருக்கிறார்கள். இதில் என்ன கெட்டுப்போயிற்று என்பவர்களுக்கு ஒரு உதாரணம். கணக்கில் சொந்த மூலதனம் 200 கோடி, கடன் 200 கோடி, ஆனால் சந்தையில் கம்பெனியின் பங்குகள் மொத்தம் 1,000 கோடிக்குப் போகின்றன. பங்குதாரர் எதிர்பார்ப்பது 13, வரி போகக் கடன் 6.7. புத்தக எண்ணில் பாதிக்குப் பாதி என்று வந்து மூலதனச் செலவு 9.85 ஆகிறது. சந்தை மதிப்பில் கடன் ஆறில் ஒரு பங்குதான், செலவு 11.95. பத்து ரூபாய் மிச்சம், 5 சதவீத நிரந்தர வளர்ச்சி என்று மொத்த வியாபாரத்தையும் மதிப்பிட்டால் முதல் வழியில் 206, இரண்டாம் வழியில் 144. பச்சைக் கட்டத்தில் எதைப் போட்டாலும் மலிவு மலிவு என்று ஏன் வந்தது என்று அப்போது விளங்கிற்று. பங்குதாரர் பக்கத்தில் அடித்தளமாகப் போட்டிருந்ததோ அமெரிக்க அரசாங்கப் பத்திர வட்டி. ரூபாயில் வரும் லாபத்தை டாலர் வட்டியில் கழிப்பது, படியால் அளந்து மரக்காலுக்கு விலை சொல்வது மாதிரி. நம் ஊர் விலைவாசி ஏற்றம் லாபத்தில் ஏறியிருக்கும், வட்டியில் ஏறியிருக்காது.

இந்த ஊர்க்காரன் முதலில் எதைத் தட்டிப் பார்ப்பான்? 1904-ல் கும்பகோணம் வங்கியாகப் பிறந்து, இன்றும் தலைமை அலுவலகத்தை இங்கேயே வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கியைத் தட்டினேன். மதிப்பு மைனஸில் வந்தது! ஷீட்டுக்கு ஜனங்கள் போட்ட டெபாசிட் எல்லாம் கடன்; அதை முழுக்கக் கழித்துவிட்டு மிச்சம் தேடுகிறது. வங்கிக்கு டெபாசிட் கடைச் சரக்கு மாதிரி, அதை வாங்கி விற்பதுதான் தொழில், அதனால் வங்கிக்கு இந்த முறையே ஆகாது என்று முதல் நாளே ஆசிரியர் பத்து நிமிஷம் ஒதுக்கிச் சொல்லியிருந்தார். சொந்த மூலதனத்தில் எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது, பங்குதாரர் எத்தனை எதிர்பார்க்கிறார், எத்தனை வளர்கிறது, இந்த மூன்றை வைத்துப் புத்தக மதிப்புக்கு, அதாவது கணக்கில் உள்ள சொந்த மூலதனத்துக்கு, எத்தனை மடங்கு தரலாம் என்று பார்க்கணும். ஒரு வங்கி 14 சம்பாதித்து, 8 வளர்ந்து, பங்குதாரர் 13 எதிர்பார்த்தால், 14-ல் 8 போக 6, 13-ல் 8 போக 5, அந்த 6-ஐ 5-ஆல் வகுத்து 1.2 மடங்கு. பையன்களுக்குப் போன் செய்தேன். "பேங்க்குக்கு சப்போர்ட் இல்ல சார், அடுத்த வெர்ஷன்ல வரும்." விற்கும்போது எல்லாக் கம்பெனிக்கும் ஆகும் என்றுதான் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், டவுன்லோடு செய்ததைத் திருப்ப முடியாதாம். என் கடையில் ஓட்டைக் குடம் என்று தெரிந்தால் பத்து வருஷம் கழித்துக் கொண்டு வந்தாலும் ஈயம் பூசியாவது கொடுப்பேன்.

வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் நாளே, ஷீட்டில் பச்சை காட்டும் ஐந்து பங்குகள் என்று இலக்கு விலையோடு செய்தி. ஆசிரியர் வகுப்பில் எடுத்த உதாரணங்கள் எல்லாம் பழைய விலை. பாடம் நடத்துகிறவர்கள் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிப் பேசக் கூடாது என்று பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது என்று அவரே காரணமும் சொன்னார். ஷீட் பையன்களிடம் செபியில் பதிவு செய்த ஆய்வாளர் எண் என்ன என்று குழுவிலேயே கேட்டேன். பதில் வரவில்லை, கொஞ்ச நேரத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். மன்னார்குடிக்காரர் இன்னும் உள்ளே இருக்கிறார், நகைச்சுவைக்காக என்கிறார்.

ஷீட் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் பிறந்து நியூயார்க்கில் பேராசிரியராக இருக்கும் அஸ்வத் தாமோதரன் தொழில்வாரியாக பீட்டா, நாடுவாரியாக ரிஸ்க் கூலி எல்லாம் வருஷா வருஷம் ஜனவரியில் தன் இணையதளத்தில் காசு வாங்காமல் போடுகிறார், அவருடைய எக்செல் ஷீட்களும் அங்கேயே கிடக்கின்றன, எல்லாக் கட்டமும் திறந்தே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, அவர் போடும் நாட்டு ரிஸ்க்கையும் நம் அரசாங்கப் பத்திர வட்டியையும் அப்படியே சேர்த்தால் ஒரே பயத்துக்கு இரண்டு முறை கூலி கொடுத்ததாகிவிடும், பத்திர வட்டிக்குள்ளேயே கலந்திருக்கும் நாட்டு ரிஸ்க்கின் அளவை அவர் முதலில் கழித்துக்கொள்கிறார், பார்த்துச் செய்யுங்கள். கம்பெனி ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தை தளங்களில் இலவசம். கடன் என்ன வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பின்பக்கக் குறிப்புகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நான் இப்போது முதலில் அதைத்தான் தேடுகிறேன். என் மகள் ஒரு மத்தியானத்தில் பதினைந்து வரியில் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தாள். மூலதனச் செலவுக் கட்டத்துக்குச் சிவப்பு வர்ணம் அடித்திருக்கிறாள், அதற்குப் பக்கத்திலேயே 1 கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன என்று இரண்டு கட்டம். அவளுக்கு 2,999 கொடுத்திருக்கலாம்.

கடையைப் பற்றி: பரணில் கிடந்த பெரிய அண்டாக்களில் பாதியைக் கொஞ்சம் விலை இறக்கித் தள்ளிவிட்டேன், கைமாற்றில் மூன்று லட்சம் அடைந்தது. வீட்டுக்காரிக்கு அந்த வகுப்பின் மேல் இப்போது நல்ல அபிப்பிராயம்.

அடுத்தது தை மாதம் தஞ்சாவூரில் என்கிறார்கள். ஒரு நாளுக்கு மட்டும் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள், 2,000 சொன்னால் தாராளமாகக் கொடுக்கலாம். ஹாலில் பிளக் பாயின்ட் இரண்டே இரண்டுதான் வைத்திருந்தார்கள், ஏசி ஓடும்போது அதிலும் ஒன்று வேலை செய்யாது, அதனால் லேப்டாப்பை வீட்டிலேயே முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள்.